மஞ்சள் எட்டாத நுரையீரல்

1965-ஆம் ஆண்டு கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் கருவிகளைப் பொருத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் வந்தவர்கள் உடன் இருந்தார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற துகளின் தடயத்தைப் பிடிப்பதுதான் அவர்களுக்கு வேலை. அந்த ஆண்டே பிடித்தும்விட்டார்கள். இயற்பியல் வரலாற்றில் இந்தச் சின்ன ஊருக்கு ஒரு வரி கிடைத்தது அப்படித்தான். நியூட்ரினோ ஓர் அதிசயப் பிறவி. மலைக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும், மனித உடம்புக்குள் கோடிக்கணக்கில் புகுந்து வெளியேறிவிடும். போன சுவடே தெரியாது.

அதே சுரங்கத்தில் இன்னொரு துகளும் இருந்தது. அதைத் தேடி யாரும் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. தங்கம் ஒளிந்திருக்கும் வெண்கல் பாறையை, அதாவது குவார்ட்ஸை, துளைக்கும்போதும் வெடிவைக்கும்போதும் கிளம்பும் சிலிக்கா தூசி அது. ஒரு மில்லிமீட்டரை இருநூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதைவிடச் சிறிய துகள்கள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் அடி ஆழத்துக் காற்றறைகள்வரை போய்விடும். போனது திரும்பாது. உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்கும், விழுங்கிய செல் செத்துப்போகும், துகள் மறுபடி வெளியே வந்து அடுத்த செல்லுக்குக் காத்திருக்கும். இப்படி நடந்த இடமெல்லாம் தழும்பேறி இறுகும். பஞ்சாக இருந்த நுரையீரல் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல முடிச்சு முடிச்சாகக் கெட்டிப்படும். அதற்குத்தான் சிலிக்கோசிஸ் என்று பெயர்.

அன்றும் இன்றும் இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. மருந்து இல்லாத நோய்க்கு வீட்டில் முதலில் கைக்கு வருவது அஞ்சறைப்பெட்டி. தமிழர் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் முதலில் கண்ணில் படுவது மஞ்சள்.

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருந்தாலும் அதன் அடுப்பங்கரை தமிழ்நாட்டிலிருந்து போனது. 1802-இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மாரிக்குப்பத்துப் பக்கம் உள்ளூர் மக்கள் மண்ணை அலசிப் பொன்துகள் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். எழுபது ஆண்டு கழித்து, நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு வந்த மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் அதைப் படித்துவிட்டு மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. அதன் பிறகு ஊர் வளர்ந்த வேகத்துக்கு ஒரு கணக்கு போதும்: 1891-இல் 7,085 ஆக இருந்த மக்கள்தொகை, 1901-இல் 38,204. வந்தவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கத்து மக்கள். அவர்களிலும் பெரும்பாலோர், ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்தவர்களுக்குப் பூமிக்கு அடியில் வேலை கிடைத்தது, மாதம் பிறந்தால் சம்பளம் கிடைத்தது. மைனிங் லைன் எனப்பட்ட வரிசைவீடுகளில் ஒரு தமிழ் ஊர் உருவானது.

சேலம், ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விளைகிற சீமை. விரலி மஞ்சள், குண்டு மஞ்சள், முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள் என்று வகை பிரித்துப் புழங்கிய பழக்கம் குடிபெயர்ந்தவர்களோடு கூடவே போகிற பழக்கம். அடிபட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது, அம்மை இறங்கினால் வேப்பிலையோடு மஞ்சள்நீர் வார்ப்பது, இருமலுக்குப் பாலில் மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்டுப் பனங்கற்கண்டு சேர்த்துக் காய்ச்சிக் கொடுப்பது, மூக்கடைப்புக்கு விரலி மஞ்சளை விளக்குச் சுடரில் கருக்கிப் புகையை இழுக்கச் சொல்வது. தமிழ் வீடுகளில் இவற்றை யாரும் வைத்தியம் என்றுகூடச் சொல்வதில்லை. சமையலின் தொடர்ச்சியாக நடப்பவை.

அந்தப் பால் தொண்டைக்கு இதம். கோழையை இளக்கும், சூடாக இறங்கும், இருமி ஓய்ந்த மனிதனுக்குத் தூக்கம் வரும். ஆனால் அது இறங்குவது உணவுக்குழாயில். தூசி உட்கார்ந்திருப்பது காற்றறையில். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியைத்தான் கடந்த நூறு ஆண்டுகளாக எத்தனையோ பேர் எத்தனையோ பொருளை வைத்துத் தாண்டப் பார்த்திருக்கிறார்கள்.

சுரங்கத் தூசி ஆளைக் கொல்லும் என்பது புதிய செய்தி இல்லை. 1556-இல் அச்சான தன் சுரங்க நூலில், ஜெர்மானியரான அக்ரிகோலா, கார்பேத்திய மலைச் சுரங்கங்களில் ஏழு கணவர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்று எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இயந்திரத் துளைப்பான் வந்ததும் வெள்ளைத் தொழிலாளர்களே கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதனால்தான் அங்கே 1912-லேயே சுரங்கக் காசத்துக்கென்று தனிச்சட்டம் வந்தது. 1930-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜோகன்னஸ்பர்க்கில் சிலிக்கோசிஸுக்காகவே ஒரு மாநாடு நடத்தியது. அதே 1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள் கைரேகை பதிவுசெய்யும் புதிய ஏற்பாட்டை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். தொழிலாளியின் விரலைப் பதிவுசெய்யக் கம்பெனிக்கு அவசரம் இருந்தது. நுரையீரலைப் பதிவுசெய்ய இன்னும் பத்து ஆண்டு ஆனது.

1940-இல் மைசூர் அரசு சிலிக்கோசிஸ் விதிகளைக் கொண்டுவந்தது. நோய் வந்த தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு என்பதை ஒரு சமஸ்தானம் ஏற்றுக்கொண்டது, அந்தக் காலத்தில் பெரிய விஷயம். 1940 முதல் 1946 வரை தங்கவயல் தொழிலாளர்கள் வரிசையாகப் பரிசோதிக்கப்பட்டார்கள். அந்த முடிவுகள் 1947-இல் காப்லானும் பர்டனும் எழுதிய அறிக்கையாக வெளிவந்தன. பரிசோதிக்கப்பட்டவர்கள் 7,653 பேர். சிலிக்கோசிஸ் இருந்தது அவர்களில் 43.7 சதவீதம் பேருக்கு. நூற்றுக்கு நாற்பத்து நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஷிப்டு முடிந்து கேஜ் எனும் சுரங்க லிஃப்டில் மேலே ஏறிவருகிற பத்துப் பேரில் நான்கைந்து பேர் என்று வைத்துப் பார்த்தால் கணக்கு இன்னும் நன்றாக உறைக்கும். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய பல ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் இந்த எண்ணைச் சொல்கின்றன.

இந்த நோயோடு சேர்ந்து வரும் துணை காசநோய். சிலிக்கா தின்ற நுரையீரலில் காசக்கிருமி சுலபமாகக் குடியேறும். எது சுரங்கம் கொடுத்தது, எது கிருமி கொடுத்தது என்று பிரிப்பது மருத்துவருக்கே கடினம். இழப்பீடு கொடுக்க வேண்டியவருக்கு அந்தக் குழப்பம் வசதியானது. தென்னாப்பிரிக்காவில் இந்த எல்லைக்கோட்டில்தான் தலைமுறை தலைமுறையாக வழக்கு நடந்தது.

வைத்தியத்துக்கும் தங்கவயலுக்கும் இன்னொரு உறவு உண்டு. அதைச் சொல்லாமல் போனால் ஊரின் வரலாறு பாதிதான். அயோத்திதாசப் பண்டிதர் சென்னை ராயப்பேட்டையில் சித்த மருத்துவம் பார்த்துப் பிழைத்தவர். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார், 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை ஆரம்பித்தார். அந்தச் சங்கமும் அந்த இதழும் மிக ஆழமாக வேர்பிடித்த இடம் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீப்ஸும் சேர்ந்த இந்தத் தங்கவயல். 1914-இல் அவர் மறைந்த பிறகு நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926-இல் மறுபடி உயிர்ப்பித்து, தங்கவயலிலிருந்தே நடத்தினார் ஜி. அப்பாதுரையார். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டு ஊரூராக அனுப்பியது. பறையர் என்று ஒதுக்கப்பட்ட மக்களே பழைய தமிழ் பௌத்தர்கள், மருத்துவ அறிவின் வாரிசுகள் என்பது பண்டிதரின் வாதம். ஆகவே தங்கவயல் தொழிலாளியின் வீட்டில் நாட்டுமருந்து பற்றிய பேச்சுக்குப் பின்னால் வெறும் பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை, ஒரு தன்மானமும் இருந்தது. மஞ்சளை ஏளனமாகப் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இங்கிலீஷ் மருத்துவம் தன் பங்குக்கு எப்போதும் நிதானமாக நடந்துகொண்டது என்றும் சொல்ல முடியாது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 1943 முதல் 1979 வரை, சுரங்கத்தில் இறங்குவதற்கு முன் தொழிலாளர்களை உடைமாற்றும் அறையில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, அலுமினியத் தூளைக் காற்றில் ஊதிச் சுவாசிக்கவைத்தார்கள். மெக்கின்டயர் பவுடர் என்று பெயர். மெக்கின்டயர் என்பது திம்மின்ஸ் ஊரிலிருந்த ஒரு தங்கச் சுரங்கம். அலுமினியம் சிலிக்கா துகளைப் போர்த்திவிடும், நோய் வராது என்பது நம்பிக்கை. தூசிக்கு மருந்தாக இன்னொரு தூசி! நோய் நிற்கவில்லை. அந்தத் தொழிலாளர்களுக்குப் பார்க்கின்சன் நோய் அதிகம் வந்தது 2020-இல் ஆய்வில் தெரிந்தது. 2022-இல் ஒண்டாரியோ அரசு அதைத் தொழில்நோயாக ஒப்புக்கொண்டது. இதோடு ஒப்பிட்டால் மஞ்சள் பால் சாது.

சீனாவில் ஒரு கொடியின் வேரிலிருந்து எடுத்த டெட்ராண்ட்ரின் என்ற மருந்தைச் சிலிக்கோசிஸுக்குக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் வெல்லம். லக்னோவின் தொழில் நச்சியல் ஆராய்ச்சி மையத்தில் சாகு, சக்சேனா என்ற இருவர், தூசிநிறைந்த இடத்தில் வேலைசெய்தும் வெல்லம் சாப்பிடுபவர்கள் அவ்வளவாகச் சிரமப்படுவதில்லை என்ற பேச்சைக் கேட்டு, அதைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினார்கள். எலிகளின் மூச்சுக்குழாயில் நிலக்கரித் தூசியும் சிலிக்கா தூசியும் செலுத்தி, ஒரு பகுதி எலிகளுக்கு வெல்லம் கொடுத்தார்கள். வெல்லம் தின்ற எலிகளின் நுரையீரலிலிருந்து தூசி கூடுதலாக வெளியேறியது என்று 1994-இல் எழுதினார்கள். ‘தூசிக்கு வெல்லம்’ பல ஆலைகளில் எழுதாத சட்டம்போல ஆகிவிட்டது. ஒரு கட்டி வெல்லம் கொடுப்பது, உறிஞ்சுகாற்றாடி மாட்டுவதைவிட எவ்வளவு மலிவு என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மஞ்சளின் கதை இதைவிட நீளமானது, கொஞ்சம் சுவாரசியமானதும்கூட.

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருளை 1815-இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்துக் குர்குமின் என்று பெயர் வைத்தார்கள். அதன் அமைப்பு 1910-இல் தெரிந்தது. வீக்கத்தைக் குறைக்கும் என்பதை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்ரீமலும் தவனும் 1973-இல் காட்டினார்கள். 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் 1953-இல் வந்த ஓர் இந்திய மருத்துவக் கட்டுரையையும் கொண்டுபோய்ப் போட்டு, 1997-இல் அதை ரத்துசெய்ய வைத்தது. மேற்கே யாரோ நம் பொருளைத் திருடப் பார்த்தார்கள் என்ற அந்தச் செய்தி, மஞ்சளுக்கு எந்த ஆய்வும் கொடுக்காத புகழைக் கொடுத்தது. அது காயத்துக்கான வழக்கு என்பதை எல்லாரும் மறந்தார்கள். எல்லா நோய்க்கும் மஞ்சள் மருந்து என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்டதுபோல ஒரு பேச்சு மிஞ்சியது.

அடுத்த ஆண்டு, தங்கவயலிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை முடிவு வெளிவந்தது. குர்குமினை வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பது கேள்வி. ஆரோக்கியமான ஆட்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்து ரத்தத்தைப் பார்த்தார்கள். ஏதும் தெரியவில்லை, அல்லது மிகச் சொற்பம். மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது அளவு 2,000 சதவீதம் ஏறியது. இன்று உலகெங்கும் விற்கும் மஞ்சள் மாத்திரைப் புட்டிகளில் ‘மிளகுச் சத்து சேர்த்தது’ என்று இருக்கிறதே, அதற்கு மூலம் இந்தப் பெங்களூரு கட்டுரைதான்.

மஞ்சள் பாலில் மிளகு தட்டிப்போட்ட பாட்டிக்கு இது தெரிந்திருந்தது என்று மேடையில் பேசுபவர்கள் உண்டு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால் அதில் குர்குமின் 100 மில்லிகிராமைத் தொடாது. சோதனையில் கொடுத்த 2 கிராம் வேண்டுமானால் இருபது தேக்கரண்டிக்கு மேல் மஞ்சள் கரைக்கவேண்டும். அந்தப் பாலை எந்தப் பேரனும் குடிக்கமாட்டான். பிறகு அந்த 2,000 சதவீதம். இல்லை என்கிற அளவுக்குச் சொற்பமான ஒன்றின் இருபது மடங்கும் சொற்பமாகவே இருக்கலாம். அந்த ஏற்றமும் சாப்பிட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் காணப்பட்டது. பாட்டி மிளகு போட்டது தொண்டைக்கு. அதற்கு அது நன்றாகவே வேலைசெய்தது. பாட்டிக்கு மருந்தியல் பட்டம் கொடுப்பது மரியாதைபோலத் தெரிந்தாலும், அவர் செய்த வேலையைச் சரியாகப் பார்க்காததுதான்.

நுரையீரலைப் பற்றி நேராகப் பேசிய ஆய்வு சென்னையிலிருந்து வந்தது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த புனிதவதி, வெங்கடேசன், பாபு மூவரும் 2000-இல் எழுதிய கட்டுரை. தோல் பதனிடும் ஆய்வகத்துக்கு நுரையீரலில் என்ன வேலை என்று கேட்கலாம். தழும்பும் தோலும் ஒரே கொலாஜனால் ஆனவை. பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்து நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். அதை எலிகளுக்குச் செலுத்தி, கூடவே குர்குமின் கொடுத்தபோது தழும்பு குறைந்தது. நல்ல ஆய்வு, மதிக்கத்தக்க பத்திரிகையில் வந்தது. ஆனால் அதில் தழும்பை உண்டாக்கியது ஒரு மருந்து. அந்த மருந்து உடம்பிலிருந்து கழிந்துவிடும். சிலிக்கா கழியாது. எலிக்குப் பாதிப்பு நேர்ந்தபோதே குர்குமினும் கிடைத்தது. இருபது ஆண்டு தூசி தின்று, இருபது ஆண்டு கழித்து மூச்சு முட்டுகிற மனிதனின் நிலை வேறு.

அந்தக் கட்டுரை வெளிவந்த மறு ஆண்டு, 2001 பிப்ரவரி 28, தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1956-இல் மைசூர் அரசு எடுத்து, பிறகு மத்திய அரசின் கைக்குப் போய், 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்று ஆன நிறுவனத்தின் சுரங்க வேலை அன்றோடு முடிந்தது. 120 ஆண்டில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தாகிவிட்டது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எடுக்கும் தங்கத்தின் விலையைவிட எடுக்கும் செலவு அதிகம் என்றார்கள். சாம்பியன் ரீப்ஸில் இருந்த நிறுவன மருத்துவமனையும் மூடியது.

மருத்துவமனை மூடியதைத்தான் இந்தக் கதையின் முக்கியமான இடமாகச் சொல்லவேண்டும். சிலிக்கோசிஸ் வேலையை விட்டதும் நிற்கிற நோய் இல்லை. உள்ளே இருக்கும் தூசி தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். பத்து, இருபது ஆண்டு கழித்து முதல் முறையாக எக்ஸ்ரேயில் தெரிவதும் உண்டு. சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிக்கு ஒரு மருத்துவமனையும், அதில் ஒரு கோப்பும், வழக்குப் போட ஒரு முதலாளியும் இருந்தார்கள். 2001-க்குப் பிறகு அந்த மூன்றும் ஒன்றாகப் போயின. இளைஞர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். வீட்டில் இருமிக்கொண்டு இருந்த பெரியவர்கள் மருந்துக்கடையையும் அஞ்சறைப்பெட்டியையும் நம்பினார்கள்.

சரியாக அந்தக் காலத்தில்தான் மஞ்சள், பெட்டியிலிருந்து கிளம்பிப் புட்டிக்குள் போனது. வீட்டில் கரண்டியால் போட்ட பொருள், 95 சதவீதம் குர்குமின் என்ற சுருக்கமான சாறாக, மாத்திரைக்கு 500 மில்லிகிராம் கணக்கில் வந்தது. மூட்டுவலி, சர்க்கரை, நுரையீரல், ஞாபகமறதி என எதற்கும் அதே புட்டி. உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில் விற்பதால் மருந்துக்கு வேண்டிய நிரூபணம் அதற்குத் தேவைப்படவில்லை. 2017-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் நெல்சனும் அவரது சகாக்களும் குர்குமின் ஆய்வுகளை மொத்தமாக எடுத்துப் பரிசீலித்தார்கள். 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், கறாரான முறையில் நடத்தப்பட்டு வெற்றி கண்டது ஒன்றுகூட இல்லை என்பது அவர்கள் முடிவு. குர்குமின் நிலையில்லாத பொருள், சோதனைக் கருவிகளையே ஏமாற்றும் நிறம் கொண்டது, அதனால் சோதனைக் குழாயில் பிரமாதமாகத் தெரிவது உடம்பில் நடப்பதில்லை என்று வேதியியல் காரணமும் சொன்னார்கள்.

புட்டி மஞ்சளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இத்தாலியில் 2019-இல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்த சம்பவங்கள் இருபதுக்கும் மேல் பதிவாகி, அரசே எச்சரிக்கை விட்டது. அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட பதிவுகள் உண்டு. மிளகுச் சத்து சேர்ந்த மாத்திரைகளில் இந்த ஆபத்து கூடுதல் என்று கருதுகிறார்கள். காரணம் எளிது. பைப்பரின் குர்குமினை மட்டும் உள்ளே இழுப்பதில்லை, கூடவே சாப்பிடும் மற்ற மருந்துகளையும் இழுத்துவிடும். இதை நல்லதற்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஜம்முவின் இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிலையமும் கடிலா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ரிசோரின் என்ற காசநோய் மாத்திரையில், ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 போதும் என்று 10 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்தார்கள். அது அளந்து, சோதித்துச் செய்த வேலை. தங்கவயல் பெரியவர் ஒருவருக்குச் சிலிக்கோசிஸோடு காசநோயும் சேர்ந்து, அரசு கொடுக்கும் காசநோய் மாத்திரையை அவர் சாப்பிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாத்திரைகளே கல்லீரலுக்குப் பாரம். அதன் மேல் மகனோ மகளோ பெங்களூரிலிருந்து பாசத்தோடு வாங்கி வந்த மஞ்சள்–மிளகுப் புட்டியும் சேர்ந்தால் அளவு யார் கையிலும் இருக்காது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், பித்தப்பையில் கல் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டாக்டர் கேட்கும்போது ‘வேறு மருந்து ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். மஞ்சளை மருந்தாக யார் கணக்கில் வைக்கிறார்கள்?

ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் பாலில் போடும் சிட்டிகைக்கும் இந்தப் பயம் வேண்டியதில்லை. தூளின் நிறத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பளிச்சென்று தெரிவதற்காக ஈயக் குரோமேட் கலப்பது வங்கதேசத்தில் பெரிய பிரச்சினையாகி, 2019-க்குப் பிறகு அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்துச் சில ஆண்டுகளில் ஒழித்தது. கிழங்கு வாங்கி அரைத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், மஞ்சளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அது தன்னால் முடிந்ததை எப்போதும் செய்துவந்தது. அதன் தலையில் பிறர் செய்ய வேண்டிய வேலையைக் கட்டியதுதான் கோளாறு. சிலிக்கோசிஸைத் தடுக்கும் பொருள் எது என்று 1930-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடியவர்களுக்கே தெரியும். தண்ணீர். துளைப்பான் முனையில் தண்ணீர் பாய்ச்சித் துளைப்பது, வெடிவைத்த பிறகு நனைப்பது, காற்றோட்டம் கொடுப்பது, ஆண்டுதோறும் மார்பை எக்ஸ்ரே எடுப்பது, நோய் தெரிந்தவரைத் தூசியில்லாத வேலைக்கு மாற்றி நஷ்டஈடு கொடுப்பது. இதில் ஒன்றும் அஞ்சறைப்பெட்டியில் கிடைக்காது. இந்தியாவிலேயே ராஜஸ்தான் அரசு 2019-இல் சிலிக்கோசிஸ் நோயாளிகளுக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அங்கே கல்குவாரிகளில் மடிந்தவர்களின் விதவைகள் வருஷக்கணக்காகப் போராடி வாங்கியது அது.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் கோலார் மாவட்டம் தவித்தபோது, இருபது ஆண்டாகப் பூட்டிக் கிடந்த சாம்பியன் ரீப்ஸ் மருத்துவமனையைத் திறந்தார்கள். ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் நூற்றுக்கணக்கில் திரண்டு, இரண்டு வாரத்தில் குப்பையையும் புதரையும் அகற்றி, நோயாளிகளைப் படுக்கவைக்கிற இடமாக அதை மாற்றினார்கள். மூச்சுத்திணறலுக்கு என்ன வேண்டும் என்று அந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஊரைச் சுற்றி இன்னும் 13 சயனைட் மேடுகள் நிற்கின்றன. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய அரைத்த பாறைத்தூள், மூன்று கோடி டன்னுக்கும் மேல். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் பறந்து வீட்டு வாசல்வரை வரும். அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க, ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் அந்த மேடுகளைத் தோண்டும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் கொடுத்தது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அந்தத் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் முதல் நாளே மார்பு எக்ஸ்ரே எடுத்துக் கோப்பில் வைக்கச்சொல்லி ஊரார் கேட்கவேண்டும். மேட்டை நனைத்துவிட்டுத்தான் தோண்டவேண்டும் என்று எழுதி வாங்கவேண்டும். 7,653 பேரை வரிசையில் நிறுத்திப் பரிசோதிக்க 1940-களிலேயே அங்கே முடிந்திருக்கிறது.